சோபாவுக்கு வட்டி இல்லை என்றார்கள், ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது

அமெரிக்காவில் ஆறு வருடமாக இருக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை பார்க்கிறார். இவருக்கு எச்-4 என்ற, துணைவருக்கான விசா, வேலைக்குப் போக அனுமதி இல்லை. இரண்டு பிள்ளைகள். பதின்மூன்று மாதத்துக்கு முன் வீடு மாறியபோது ஒரு ஃபர்னிச்சர் கடையில் சோபாவும் கட்டிலும் 2,400 டாலருக்கு வாங்கியிருக்கிறார். “18 மாதத்துக்கு வட்டி கிடையாது, எங்கள் கார்டு போட்டுக்கொள்ளுங்கள், மாதம் 50 டாலர் கட்டினால் போதும்” என்றிருக்கிறார் விற்பனையாளர். ஆட்டோபேயில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே, மாதாமாதம் 50 டாலர் போகிறது, பாக்கி 1,750. இன்னொரு கார்டு துணிக்கடையுடையது. முதல் பில் 180 டாலருக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று கல்லாவில் சொன்னதும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் இன்றைய பாக்கி 920, வட்டி வருடத்துக்கு 32 சதவீதம். இரண்டு முறை பணம் கட்டத் தாமதமாகி (ஒருமுறை ஆறு நாள், இன்னொருமுறை பதினோரு நாள்) முதலில் 30 டாலரும் அடுத்து 41 டாலரும் அபராதம் விழுந்திருக்கிறது. மூன்றாவதாகக் குழந்தைகள் கடை கார்டு ஒன்று, பாக்கி எதுவும் இல்லாமல் சும்மா கிடக்கிறது.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மாதம் 450 டாலர் இந்தக் கடனுக்கு ஒதுக்க முடியும் என்கிறார். “சோபா கார்டில் வட்டி இல்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டு, 32 சதவீத கார்டை முதலில் அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன், சரிதானே?” என்பது முதல் கேள்வி. லேட் ஃபீ, அதாவது தாமத அபராதம், 8 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று வாட்ஸாப்பில் வந்ததே, திருப்பிக் கேட்கலாமா? எனக்கு வருமானமே இல்லாதபோது கார்டு வாங்கியது மோசடியா, கணவரின் விசாவுக்கு ஆபத்து வருமா? கடைக்காரர் மேல் கேஸ் போட முடியுமா? இவை மற்ற கேள்விகள். கடைசி வரி இது: “சோபா கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். துணிக்கடை கார்டு பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது.”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்வியில்தான் ஆயிரம் டாலர் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் போட்ட திட்டம் பொதுவாகச் சரியான திட்டம். வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் அது தலைகீழாக வேண்டும். சோபா கார்டைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கார்டில் “வட்டி இல்லை” என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். “18 மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை” என்று இருக்கும். எல்லாம் அந்த “கட்டினால்” என்பதில் ஒட்டியிருக்கும் “ஆல்” விகுதியில்தான் இருக்கிறது. இதை டெஃபர்ட் இன்ட்ரஸ்ட் என்பார்கள், அதாவது ஒத்திவைத்த வட்டி. சோபா வாங்கிய முதல் நாளிலிருந்து வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை உங்கள் பாக்கியில் சேர்க்காமல் தனியாக ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறார்கள். 18 மாதம் முடியும் நாளில் ஒரு டாலர்கூடப் பாக்கி இல்லையென்றால் அந்த எழுத்தை அழித்துவிடுவார்கள். பத்து டாலர் பாக்கி இருந்தாலும், எழுதி வைத்த மொத்தத்தையும் ஒரே நாளில் உங்கள் தலையில் இறக்குவார்கள். மீதியிருக்கும் பத்து டாலருக்கான வட்டி மட்டும்தானே வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 2,400 டாலர் கடனாக இருந்த காலத்து வட்டியும் சேர்ந்தே வரும்.

உங்கள் சோபா கார்டின் வட்டி விகிதத்தை நீங்கள் எழுதவில்லை. இந்த வகை கார்டுகளில் 30 சதவீதம் சகஜம் என்பதால் அதை வைத்துக் கணக்குப் போட்டேன். இன்றைய தேதிக்கே ஓரத்தில் ஏறக்குறைய 800 டாலர் சேர்ந்திருக்கும். மாதம் 50 டாலரே கட்டிக்கொண்டு போனால் பதினெட்டாவது மாதத்தில் 1,500 டாலர் பாக்கி நிற்கும், அதன் மேல் சுமார் 1,100 டாலர் வட்டி வந்து உட்காரும். அதற்குப் பிறகு 2,600 டாலருக்கும் 30 சதவீத மீட்டர் ஓடும். 2,400 டாலருக்கு வாங்கிய சாமான், 900 டாலர் கட்டிய பிறகும் 2,600 டாலர் கடனாக நிற்கும்.

மாதம் 50 டாலர் என்று அந்த விற்பனையாளர் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. கார்டின் மினிமம் அதுதான். ஆனால் 2,400-ஐ 18-ஆல் வகுத்தால் மாதம் 133 டாலருக்குச் சற்று மேல் வருகிறது. அந்த எண்ணை அவரும் சொல்லவில்லை, பில்லில் மினிமம் என்று போட்டிருக்கும் இடத்திலும் அது வராது. மினிமம் என்பது கணக்கு உயிரோடு இருக்கக் கட்ட வேண்டிய தொகை, கடன் தீரக் கட்ட வேண்டிய தொகை வேறு. ஆட்டோபேயை மினிமத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தது உங்கள் ஒருவர் தவறில்லை. என்னிடம் வருகிறவர்களில் கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். உங்கள் திட்டப்படி துணிக்கடை கார்டில் மாதம் 400, சோபாவில் 50 என்று போட்டால், மூன்றாவது மாதத்தில் துணிக்கடை கார்டு தீரும். மொத்தம் 43 டாலர் வட்டியோடு தப்பித்துவிடலாம். அதற்குப் பிறகு முழு 450-ஐயும் சோபாவுக்குத் திருப்பினாலும் ஐந்தாவது மாதக் கடைசியில் 460 டாலருக்கு மேல் பாக்கி நிற்கும், அந்த 1,100 டாலர் வட்டியும் விழும்.

நான் சொல்வது இது. சோபாவுக்கு மாதம் 360, துணிக்கடைக்கு 90. ஐந்து மாதத்தில் சோபாவுக்கு 1,800 டாலர் போய்ச் சேரும், கடன் தீர்ந்து 50 டாலர் கையில் இருக்கும். துணிக்கடையில் அப்போது சுமார் 575 டாலர் மீதி இருக்கும். ஆறாவது, ஏழாவது மாதங்களில் 450-ஐயும் அதில் போட்டால் அதுவும் முடிந்துவிடும். துணிக்கடை வட்டி மொத்தம் 125 டாலரை ஒட்டி வரும். உங்கள் திட்டத்தைவிட அங்கே 80 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், இங்கே 1,100 டாலர் மிச்சமாகிறது.

தேதியில்தான் சூட்சுமம்

ஐந்து மாதம் என்று நான் சொல்வது உங்கள் கடிதத்தை வைத்து. சலுகை என்றைக்கு முடிகிறது என்ற தேதியை ஒவ்வொரு மாத ஸ்டேட்மென்டிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. இதுவரை சேர்ந்திருக்கும் ஒத்திவைத்த வட்டி எவ்வளவு என்பதையும் பெரும்பாலான வங்கிகள் அங்கேயே ஒரு கட்டத்தில் போடுகின்றன. அந்தத் தேதியும் மாதாந்திரக் கெடுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சலுகை 9-ஆம் தேதி முடிந்து, அந்த மாத பில்லுக்குக் கெடு 22-ஆம் தேதி என்று இருக்கலாம். 22-ஆம் தேதி கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் அழுதுகொண்டு போன் செய்திருக்கிறார்கள். கடைசித் தவணையை இரண்டு வாரம் முன்பே கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு பாக்கி பூஜ்யம் என்று திரையில் காட்டுகிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் அந்தக் கார்டில் ஒரு தலையணைகூட வாங்காதீர்கள். மினிமத்துக்கு மேல் கட்டும் பணத்தை வட்டி அதிகமாக ஓடும் பாக்கிக்கு முதலில் வரவு வைக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கிரெடிட் கார்டு சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் புதிதாக வாங்கியதற்கு வட்டி நேரடியாக ஓடுவதால் உங்கள் 360 முதலில் தலையணைக்குப் போய், சோபா அப்படியே நிற்கும். சலுகை முடிவதற்கு முந்தைய இரண்டு பில் சுழற்சிகளில் மட்டும் இது மாறி, கூடுதல் பணம் ஒத்திவைத்த பாக்கிக்கு முதலில் போகும். இன்னொன்று, 60 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டால் சலுகையையே பறித்துவிட அவர்களுக்கு உரிமை உண்டு.

நடுவில் ஏதாவது செலவு வந்து கடைசியில் 400 டாலர் குறைந்துவிட்டால்? ஃபெடரல் கிரெடிட் யூனியன் எனப்படும், உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு நிதி நிறுவனங்களில் கடன் வட்டிக்கு 18 சதவீதம் உச்ச வரம்பு இருக்கிறது. 400 டாலரை அங்கே ஒரு வருடத்துக்கு வாங்கினால் வட்டி 40 டாலர் அளவில் முடிந்துவிடும். உறுப்பினராகச் சேர்ந்து, விண்ணப்பம் போட்டு, பணம் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். மூன்றாவது மாத முடிவில் கணக்கைப் பார்த்து, இழுபறி என்று தெரிந்தால் அப்போதே கேளுங்கள். வேறு கார்டுக்குப் பாக்கியை மாற்றும் வழியும் உண்டு. மாற்றும் தொகையில் 3 முதல் 5 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அங்கே இருப்பது உண்மையான பூஜ்ய வட்டியாகவும் இருக்கலாம். இருந்தாலும் உங்கள் நிலைமையில் நான்காவதாக ஒரு கார்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஊரில் இருக்கும் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பச் சொல்லலாமா என்று ஓர் இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 450 டாலர் மாதாமாதம் கைவசம் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

துணிக்கடை கார்டு

20 சதவீதத் தள்ளுபடி என்பது 180 டாலரில் 36 டாலர். இன்றைய பாக்கிக்கு மாத வட்டியே கிட்டத்தட்ட 25 டாலர். ஒன்றரை மாதத்தில் தள்ளுபடி திரும்பக் கடைக்கே போய்விட்டது. நம் ஊர் ஆடித் தள்ளுபடியில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள், இங்கே கல்லாவில் தள்ளிவிடுவது கடனை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கோட்டுக்காக இப்படி ஒரு கார்டு வாங்கியவன்தான், அதனால் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

32 சதவீதம் உங்களுக்கென்று போட்ட விசேஷ வட்டி இல்லை. சி.எஃப்.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் 100 பெரிய கடைகளின் கார்டுகளைப் பார்த்தபோது சராசரி வட்டியே 32.66 சதவீதமாக இருந்தது. இவ்வளவு வாங்கச் சட்டம் எப்படி விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பல மாநிலங்களில் வட்டிக்கு உச்ச வரம்புச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1978-இல் மார்க்வெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு தேசிய வங்கி தான் அமைந்திருக்கும் மாநிலத்து வட்டியை நாடு முழுதும் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு வரம்பே இல்லாத மாநிலங்களுக்கு வங்கிகள் கார்டுத் தொழிலைக் கொண்டுபோயின. கடைப் பெயர் போட்ட கார்டுக்குப் பின்னால் இருப்பதும் வங்கிதான். கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அதன் பெயர் இருக்கும். கார்டில் வரும் லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. கிரெடிட் வரலாறு அதிகம் இல்லாதவர்களுக்கும், புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கும் இந்தக் கார்டு சுலபமாகக் கிடைக்கும், அந்தச் சுலபத்துக்கான விலையும் வட்டியில் ஏறியிருக்கிறது.

பழைய பாக்கி இருக்கும்வரை இந்தக் கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அதனால் கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். முழுவதும் கட்டி முடித்த அடுத்த மாதம் நாலைந்து டாலருக்கு ஒரு பில் வரலாம். ஸ்டேட்மென்ட் வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. தீர்த்தாயிற்றே என்று கவனிக்காமல் விட்டால் அந்த நாலு டாலருக்கே லேட் ஃபீ ஆரம்பிக்கும்.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் “அக்கவுன்ட் பாதுகாப்பு” என்று 15 டாலர் 27 சென்ட் ஒரு வரி இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்கிறீர்கள். வேலை போனாலோ உடம்பு முடியாமல் போனாலோ மினிமத்தைத் தள்ளிவைக்கவோ கட்டவோ உதவும் என்று சொல்லி விற்கும் ஒரு சேர்க்கை அது. பாக்கியில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் இவ்வளவு என்று பிடிப்பார்கள். வேலையே இல்லாத உங்களுக்கு வேலை இழப்புப் பாதுகாப்பு எதற்கு? நாளைக்கே போன் செய்து நிறுத்துங்கள். நான் ஒப்புக்கொள்ளவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் இதுவரை பிடித்ததையும் திருப்பிக் கேளுங்கள். காகித பில்லுக்கு மாதம் ஒன்றிரண்டு டாலர் போகிறதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

8 டாலர் கதை

வாட்ஸாப்பில் வந்தது முழுப் பொய் இல்லை, பழைய செய்தி. பெரிய வங்கிகள் லேட் ஃபீயை 8 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று சி.எஃப்.பி.பி. 2024 மார்ச்சில் விதி கொண்டுவந்தது உண்மைதான். அமலுக்கு வருவதற்குள் மே மாதமே டெக்சஸ் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரலில் விதி மொத்தமாக ரத்தாகிவிட்டது. அதை வைத்துப் பணம் திருப்பிக் கேட்க முடியாது.

ஆனால் கேட்க வேறு காரணம் இருக்கிறது. தாமதமான அந்த மாதத்து மினிமத்தைவிட லேட் ஃபீ அதிகமாக இருக்கக்கூடாது. உங்களுக்கு 41 டாலர் விழுந்த மாதத்தின் பில்லைத் தேடி எடுங்கள். அன்றைக்கு மினிமம் 38 என்று இருந்தால் மூன்று டாலர் அதிகமாக வாங்கியிருக்கிறார்கள். பில் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் அதை விசாரித்துப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. மினிமம் அதைவிட அதிகமாகத்தான் இருந்தது என்றால் 41 செல்லும், ஏனென்றால் அடுத்த ஆறு பில் சுழற்சிக்குள் மறுபடி தாமதித்தால் கூடுதல் அபராதம் வாங்க விதி இடம் தருகிறது. அப்போதும் போன் செய்து, “ஒருமுறை தள்ளுபடி செய்யுங்கள்” என்று கேளுங்கள். இது உரிமை அல்ல, கேட்டுப் பார்ப்பது. முதல் 30 டாலரையாவது திருப்பித் தருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் மறுத்தால் வைத்துவிட்டு வேறொரு நாள் வேறொருவரிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறு நாள், பதினோரு நாள் தாமதத்தால் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதற்கான மதிப்பெண்) போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. 30 நாள் தாண்டினால்தான் அது கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறும். ஏறினால் ஏழு வருடம் நிற்கும் என்பதால் பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். துணிக்கடை கார்டுக்கும் மினிமத்துக்கு ஆட்டோபே போட்டு வைத்து, அதன் மேல் நீங்களாகக் கூடுதல் கட்டுங்கள். மறதிக்கு அது ஒன்றுதான் மருந்து.

வருமானம், விசா, கேஸ்

வருமானம் இல்லாமல் கார்டு வாங்கியது மோசடி இல்லை. 2013-இல் மாற்றிய விதிப்படி, 21 வயது நிரம்பியவர் தன் கைக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய குடும்ப வருமானத்தையும் விண்ணப்பத்தில் காட்டலாம். வீட்டில் இருக்கும் மனைவியோ கணவரோ கார்டு வாங்க முடியாமல் போன குறையைச் சரிசெய்யத்தான் அந்த மாற்றமே வந்தது. கணவர் சம்பளம் பொதுக் கணக்கில் வருகிறது, வீட்டுச் செலவை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால் நீங்கள் எழுதியது சரியான பதில்தான்.

எச்-1பி நீட்டிப்புக்குக் கிரெடிட் ஸ்கோர் கேட்பதில்லை. கார்டு கடன் குற்றமும் இல்லை, அதற்காக யாரும் கைது செய்ய மாட்டார்கள். அப்படி மிரட்டும் போன் வந்தால் பேசுகிறவர் ஏமாற்றுக்காரர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில். கடன் நின்றுபோய், வழக்குத் தொடுத்து, நீதிமன்ற நோட்டீஸ் வந்த பிறகும் பதில் போடாமல் இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வரும். அதன் பிறகு பல மாநிலங்களில் சம்பளத்தைப் பிடிக்க முடியும். நீங்கள் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

கேஸைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம், வேண்டாம். வாயால் என்ன சொன்னார் என்பதற்கு உங்களிடம் சாட்சி இல்லை, கையெழுத்துப் போட்ட தாளில் “கட்டினால்” என்று இருக்கும். இந்த ஒப்பந்தங்கள் பலவற்றில் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கும். ஸ்டேட்மென்டுகளில் சலுகை முடியும் தேதியே போடவில்லை என்றால் கதை வேறு. அப்போது சி.எஃப்.பி.பி. தளத்திலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகத்திலும் புகார் கொடுங்கள், பணம் செலவில்லை.

குழந்தைகள் கடை கார்டை வெட்டிப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். பிளாஸ்டிக்கை வெட்டினால் கணக்கு மூடாது, போன் செய்து மூடச் சொல்ல வேண்டும். மூடினால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கக்கூடும், பெரிதாக இராது. ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு பத்து வருடம் வரை ரிப்போர்ட்டில் நல்ல பெயரோடு இருக்கும். அடுத்த வருடம் வீடு வாங்கும் யோசனை இருக்கிறது என்கிறீர்கள், அதனால் ஒன்று இப்போதே மூடுங்கள், இல்லையென்றால் வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை தொடாதீர்கள். நடுவில் மட்டும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. கார்டு கடனைத் தேடித் தேடி இணையத்தில் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. “கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், கார்டுக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கட்டுங்கள்” என்று விளம்பரம் கண்ணில் படும். நீங்கள் கட்டுவதை நிறுத்திய அன்றே சோபா சலுகைக்கு ஆபத்து ஆரம்பமாகிவிடும். யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்றால் லாப நோக்கமில்லாத கிரெடிட் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன, முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் பணம் வாங்க மாட்டார்கள். இப்போதைய 450 டாலர் குறைந்துபோகும் நிலை வந்தால் அங்கே போங்கள்.

அவரிடம் சொல்வது

கடைசி வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மொத்தக் கடன் 2,670 டாலர். ஏழு மாதத்தில் தீரப்போகும் கடனுக்காக நீங்கள் ஒரு வருடமாகத் தபால் பெட்டியை அவருக்கு முன்னால் போய்த் திறந்துகொண்டிருக்கிறீர்கள். அது பெரிய வேலை.

சட்டப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை. டெக்சஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் ஒருவர் வாங்கிய கடனுக்கு இருவரின் பொதுச் சொத்தும் பொறுப்பாகலாம். வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் உங்கள் பெயரும் இருந்தால் உங்கள் ரிப்போர்ட்டை எடுப்பார்கள், இரண்டு கார்டும் அங்கே தெரியும். வங்கி அதிகாரி சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது.

எப்படிச் சொல்வது என்று கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். “தப்புப் பண்ணிவிட்டேன்” என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒரு தாளில் இரண்டு பாக்கி, இரண்டு வட்டி, சலுகை முடியும் தேதி, ஏழு மாதத் தவணை, இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, “சோபா கடன் முடியவில்லை, எப்படி முடிப்பது என்று எழுதி வைத்திருக்கிறேன், கொஞ்சம் பார்க்கிறீர்களா?” என்று கேளுங்கள். கோபம் வரலாம். தாள் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரமே எண்களுக்குத் திரும்பிவிடும் என்பது என் அனுபவம். அவர் தன் பக்கத்திலிருந்து மாதம் ஒரு நூறு டாலர் சேர்த்துக் கொடுத்தால் துணிக்கடைக் கணக்கு ஒரு மாதமாவது முன்னதாக முடியும் என்பதையும் அதே தாளில் ஓர் ஓரமாக எழுதி வையுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இன்றைக்கே சோபா கார்டின் ஸ்டேட்மென்டை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள், ஆட்டோபேயை 50-லிருந்து 360-க்கு மாற்றுங்கள். தேதி நான் நினைத்த ஐந்து மாதத்துக்கு முன்னால் விழுந்தால் மேலே போட்ட தவணை போதாது. தேதியையும் வட்டி விகிதத்தையும் எழுதி அனுப்புங்கள், மறுபடி கணக்குப் போடுகிறேன்.